வாடை கொண்டலாக மாறிய மத்தியானம்

நான் கண்ணகை அம்மனைக் கும்பிடாமல் இருந்த நாலு வருடத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். அதைச் சொல்லாமல் மற்றதைச் சொன்னால் நான் ஏதோ பெரிய பக்தன் என்று நினைத்துவிடுவீர்கள். அப்போது நான் பக்தன் இல்லை. கோபக்காரன்.

என் பெயர் பரமானந்தம். ஊரில் பரமன் என்பார்கள். களுவாஞ்சிக்குடிக்கு வடக்கே, கடலுக்கும் வாவிக்கும் நடுவில் கிடக்கிற நீளமான மணல் துண்டில் எங்கள் ஊர். வீட்டிலிருந்து கிழக்கே நடந்தால் கடல், மேற்கே நடந்தால் வாவி. வாவிக்கு எங்கள் பக்கம் எழுவான்கரை, அந்தப் பக்கம் வயல்கள் உள்ள படுவான்கரை. இரண்டு கரைக்கும் நடுவில் பாதை ஓட்டுவது என் தொழில். பாதை என்றதும் வெளியூர்க்காரர் தெருவை நினைப்பார்கள். எங்களுக்கு அது மிதக்கிற இரும்புத் தட்டு. அடியில் மிதவைகள், சுற்றிவரக் கம்பி வேலி, பின்பக்கத்தில் ஓர் எஞ்சின். ஆட்கள், சைக்கிள், நெல் மூட்டை, மாடு, கல்யாண வீட்டுச் சாமான் எல்லாம் அதில்தான் அக்கரை போகும்.

சுனாமி வந்த அந்த ஞாயிற்றுக்கிழமைக் காலையில் நான் படுவான்கரையில் நின்றேன். கிறிஸ்மஸுக்கு மறுநாள். பாதையில் ஆட்களை ஏற்றிக்கொண்டிருந்தேன். அக்கரையிலிருந்து ஓர் இரைச்சல் கேட்டது. தென்னை மரங்களுக்கு மேலே தூசி மாதிரி ஏதோ எழும்பியது. பிறகு வாவியே கொதித்தது. தண்ணீர் அடங்கிப் பாதையை நகர்த்த ஒரு மணித்தியாலத்துக்கு மேல் எடுத்தது. நான் போய்ச் சேர்ந்தபோது என் வீடு இருந்த இடத்தில் அத்திவாரம் மட்டும் இருந்தது. என் மனைவி யோகம்மா அம்மன் கோயில் வளவுப் பூவரச மரத்தைப் பிடித்தபடி உயிரோடு தொங்கிக்கொண்டு இருந்தாள். அவளோடு கோயிலுக்கு ஓடிவந்த எங்கள் ஒரே மகள் கௌரி, ஒன்பது வயது, அவள் உடலை மூன்றாம் நாள்தான் கண்டெடுத்தோம்.

அன்றைக்கு நான் அம்மன் கோயில் வாசலில் நின்று கேட்கக்கூடாத கேள்வியெல்லாம் கேட்டேன். உன் வாசலுக்கு வந்த பிள்ளையை உன்னால் பிடித்துக்கொள்ள முடியவில்லையா என்று கேட்டேன். அதன் பிறகு அந்த வாசல் படலைக்குள் கால் வைக்கவில்லை. யோகம்மா மட்டும் வெள்ளிக்கிழமைகளில் போவாள். நான் தெருவில் சைக்கிளோடு நிற்பேன். அவள் திருநீறு கொண்டுவந்து நீட்டினால் முகத்தைத் திருப்புவேன். வீட்டில் மகளின் பெயரை நாங்கள் சொல்வதில்லை. சொன்னால் அன்றைக்கு நான் அக்கரையில் நின்ற கதை வரும். அவள் ஒருநாளும் என்னைக் குறை சொன்னதில்லை. சொல்லியிருந்தால்கூட எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

இப்படியே நாட்கள் போயின. கிழக்கில் சண்டை ஓய்ந்து, வடக்கில் இன்னும் நடந்துகொண்டிருந்த காலம். சுனாமிக்கு நாலு வருடம் நிறைய ஒரு மாதம் இருந்தது. கார்த்திகை மாதம். வீடு கிடைக்காத குடும்பங்கள் இன்னும் கடற்கரையோரத் தகரக் கொட்டில்களில் இருந்தார்கள். நாங்களும் அதில் ஒரு குடும்பம்.

நாலு நாளாக மழை. வாவி நிரம்பிக் கரைக்கு மேலே வந்துவிட்டது. கடலோர மணல் அடைத்த ஆற்றுவாயை இன்னும் வெட்டாததால் தண்ணீர் கடலுக்கு வடிய வழியில்லை. ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குள்ளே முழங்கால் அளவு தண்ணீர். பிரதான வீதியும் இரண்டு இடத்தில் முறிந்திருந்தது. அன்று காலை ஒன்பது மணி போல நான் ஒரு பயணம் முடித்துப் படுவான்கரைத் துறையில் பாதையைக் கட்டியிருந்தேன். என்னோடு கணேசண்ணன். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், தாங்குகம்பு ஊன்றிப் பாதையைத் திருப்புகிற ஆள். காற்று வடக்கிலிருந்து வாடையாக வந்துகொண்டிருந்தது. கார்த்திகையில் வாடை புதிதில்லை. நாங்கள் பெரிதாக எடுக்கவில்லை.

அப்போது தங்கராசா தன் உழவு இயந்திரத்தை நிறுத்திவிட்டு ஓடிவந்தார். துறைக்குப் பக்கத்து வட்டையில் வயல் செய்கிறவர். கையில் ரேடியோ.

"பரமன், ரேடியோவ கேட்டியா? சூறாவளியாம். பின்னேரத்துக்குள்ள கரைக்கு வருதாம். கடற்கரைச் சனத்த எழும்பச் சொல்லிச் சொல்லுறாங்க."

எழுபத்தெட்டுச் சூறாவளியில் எனக்குப் பதினாலு வயது. கூரைத் தகடு காகிதம் மாதிரிப் பறந்ததும், காலையில் எழும்பிப் பார்த்தால் ஊரில் ஒரு தென்னை நிமிர்ந்து நிற்காததும் எனக்குத் தெரியும். கொட்டில்களை நினைத்தேன். நாலு மரக்கட்டையும் தகரமும். அதற்குள் யோகம்மா. நான் மறுபடியும் அக்கரையில்.

"கணேசண்ணன், அவிழுங்க கயித்த."

"காத்து முறுகுது பரமன். இப்ப போயிருவம். மறுகா வரலாமோ தெரியா."

"வராட்டியும் பரவால்ல. நான் போகணும்."

அவர் என் முகத்தைப் பார்த்தார். கயிற்றை அவிழ்த்தார்.

எஞ்சினை இழுத்தேன். பிடிக்கவில்லை. மறுபடி இழுத்தேன். பிடிக்கவில்லை. மழை கண்ணுக்குள் அடிக்கிறது. மூன்றாம் தரமும் ஒரு இருமல் இருமிவிட்டு நின்றது. அப்போதுதான் நாலு வருடத்தில் முதல் தடவை என் வாயில் அந்தப் பெயர் வந்தது. கும்பிட்டு வரவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு வந்தது.

"அம்மா, அண்டைக்கு என்னை இஞ்சயே நிப்பாட்டி வெச்சாய். இண்டைக்கும் நிப்பாட்டாத."

நாலாவது இழுப்பில் எஞ்சின் பிடித்தது.

இதைக் கேட்டுச் சிலர் சிரிக்கலாம். பழைய எஞ்சின் நாலாவது தரம் பிடிக்கும்தானே என்பார்கள். நானும் அப்போது அப்படித்தான் நினைத்தேன். ஆனால் உடம்பெல்லாம் ஏதோ ஓடியது. அது பயம் இல்லை.

பாதை பக்கவாட்டில் சாய்ந்து சாய்ந்து போனது. எழுவான்கரையை அடைய வழக்கத்தைப்போல் இரண்டு மடங்கு நேரம் எடுத்தது. துறையில் சென்றி என்கிற இராணுவக் காவலரண் இருந்தது. அதில் நின்ற சிப்பாய் மழைச்சட்டையோடு எதிரே வந்தார். இளம் வயது. கொஞ்சம் தமிழ் பேசுவார்.

"ஐயா, இனி போறது ஏலா. காத்து பெருசு. பாதை நிப்பாட்டச் சொல்லி இருக்கு."

"மாத்தயா, அந்தக் கொட்டில் சனம் எங்க போறது?"

அவர் திரும்பிக் கடல் பக்கம் பார்த்தார். நானும் பார்த்தேன். வீட்டு வரிசைக்கு நடுவால் கடல் தெரிந்தது. வழக்கமாகத் துறையிலிருந்து கடல் தெரியாது. அலை மணல் மேட்டைத் தாண்டி வெள்ளையாக உள்ளே வந்துகொண்டிருந்தது. சிப்பாய் உள்ளே ஓடிப்போய்த் தொலைபேசியில் சிங்களத்தில் கத்திக் கதைத்தார். அந்த இரண்டு நிமிடம் எனக்கு இரண்டு நாள். வெளியே வந்தவர் கையில் ஒரு பெரிய நைலோன் கயிற்றுச் சுருளைக் கொண்டுவந்து என் பாதையில் போட்டார்.

"கெதியா ஐயா. நான் ஆள் கூட்டிட்டு வாறன்."

அவரும் இன்னும் இரண்டு பேரும் கொட்டில்களை நோக்கி ஓடினார்கள். நான் அவர்களுக்கு முன்னால் ஓடினேன்.

கொட்டில் வரிசையில் நான் கண்டதை எப்படிச் சொல்வது? கிராம சேவகர் ஓட்டோவில் ஒலிபெருக்கி கட்டி அறிவித்துவிட்டுப் போயிருக்கிறார். ஆனால் பாதிப் பேர் அசையவில்லை. எங்கே போவது என்று தெரியாத சனம். சுனாமியில் ஒருதரம், சண்டையில் இரண்டுதரம் எழும்பிப்போனவர்கள். சாமானை விட்டுப்போக மனமில்லை. யோகம்மா மழையில் நனைந்தபடி கொட்டில் கொட்டிலாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தாள். அவள் அப்போது மாதர் சங்கத் தலைவி.

"சட்டி பானையெல்லாம் வேணாங்கா. அடையாள அட்டையும் புள்ளைகளும் போதும். எழும்புங்க."

என்னைக் கண்டதும் நின்றாள். கூந்தலிலிருந்து தண்ணீர் ஒழுகியது.

"நீங்க வருவீங்கண்டு எனக்குத் தெரியும்," என்றாள்.

அவ்வளவுதான் சொன்னாள். நாலு வருடமாக என் நெஞ்சில் கிடந்த ஏதோ ஒன்று அந்த இடத்திலேயே இளகியது. அழுவதற்கு நேரமில்லை. "வா, முதல் பயணத்திலயே ஏறு" என்றேன். அவள் தலையாட்டி மறுத்தாள்.

"கடைசி ஆளோட வாறன். நான் ஏறிட்டா இவங்க ஒருத்தரும் வரமாட்டாங்க."

முதல் பயணத்தில் கைக்குழந்தைக்காரர், பிள்ளை வயிற்றோடு இருந்த இரண்டு பெண்கள், நடக்க ஏலாதவர்கள். சிப்பாய்மார் அவர்களைத் தூக்கி வந்து ஏற்றினார்கள். அக்கரையில் தங்கராசா உழவு இயந்திரத்தோடு காத்திருந்தார். படுவான்கரைப் பள்ளிக்கூடம் கிறவல் மேட்டில், கொங்கிறீட் கூரையோடு இருக்கிறது. அங்கே ஏற்றிக்கொண்டு போனார். இரண்டாவது பயணம் இன்னும் கடினம். அலை தட்டுக்கு மேலால் ஏறிப் பாய்ந்தது. பிள்ளைகள் அழுதார்கள். ஆனாலும் போய்ச் சேர்ந்தோம். ஆட்களை இறக்கிவிட்டுத் திரும்பும்போது கணேசண்ணன் சொன்னார்.

"பரமன், இது கடைசி. இதுக்குப் பொறகு இந்த இரும்பு தாங்காது."

மூன்றாவது பயணம் ஒன்றரை மணி இருக்கும். இருபத்தெட்டுப் பேர். யோகம்மா கடைசியாக ஏறினாள். பாலர் பாடசாலை நடத்தும் சத்தியா டீச்சர் ஏறினார். அன்சார் காக்காவும் ஏறினார். அவர் காத்தான்குடிக்காரர்; முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் காக்கா என்போம். மோட்டார் சைக்கிளில் துணிமூட்டை கட்டிப் படுவான்கரை ஊர்களில் சேலை விற்பவர். காலையில் அக்கரை போக வந்து, காற்றில் துறையடியில் மாட்டிக்கொண்டவர். திரும்பிப் போக வீதியும் இல்லை. மோட்டார் சைக்கிளைச் சென்றியடியில் விட்டுவிட்டு மூட்டையை மட்டும் தோளில் போட்டு ஏறினார். சிப்பாய்மார் தங்கள் முகாமுக்குப் போக வாகனம் வருகிறது என்று கரையில் நின்று கையசைத்தார்கள்.

பாதி வாவி வந்திருப்போம். எஞ்சினின் சத்தம் மாறியது. திணறியது. நின்றது.

எட்டிப் பார்த்தேன். யாரோ விட்டுப்போன வலை, மழைத் தண்ணீரில் அடித்துக்கொண்டு வந்து எஞ்சின் காற்றாடியில் இறுகச் சுற்றியிருந்தது. கத்தியால் வெட்டப் பார்த்தேன். அலை என்னைத் தூக்கி அடித்தது. கத்தி போய்விட்டது. கணேசண்ணன் தாங்குகம்பை ஊன்றினார். அடி தட்டவில்லை. வாடைக் காற்று எங்களை அள்ளித் தெற்கே தள்ளத் தொடங்கியது.

எங்கள் துறைக்குத் தெற்கே வாவி அகன்று போகும். இரண்டு கரையும் தூரமாகிவிடும். அந்த அகலத்தில் அந்தக் காற்றில் எங்கள் பாதை ஓர் ஓலைத் துண்டு. அங்கே போனால் கவிழும். எனக்கு அது நன்றாகத் தெரியும். கணேசண்ணனுக்கும் தெரியும். நாங்கள் ஒருவரையொருவர் பார்க்காமல் இருந்தோம்.

அன்சார் காக்கா மட்டும் சும்மா இருக்கவில்லை. மூட்டையை அவிழ்த்தார். புதுச் சேலைகள், மடிப்புக் கலையாதவை.

"புள்ளயள், ஆளுக்கு ஒண்டு எடுங்க. இடுப்பில சுத்தி இந்தக் கம்பியில கட்டுங்க. தம்பி, அந்தக் கயித்த நடுவால இழுங்க."

"காக்கா, புதுச் சேல எல்லாம்..." என்று யோகம்மா தயங்கினாள்.

"சேல கிடக்கட்டும் தங்கச்சி. முடிச்சப் பாருங்க, இறுக்கமா இருக்கா?"

அப்படி ஒருவரோடு ஒருவரும் கம்பியோடும் கட்டினோம். சிப்பாய் தந்த கயிற்றை நடுவில் இழுத்து இரண்டு முனையிலும் முடிந்தோம். கட்டி முடிக்கவும் ஒரு பெரிய அலை வந்தது. இடது பக்கக் கம்பி வேலி பிடுங்கிக்கொண்டு போனது. சத்தியா டீச்சர் அதோடு போனார். கண்ணுக்கு முன்னால் தண்ணீருக்குள் போனார். சிவப்புச் சேலை மட்டும் விறைத்துக்கொண்டு நின்றது. மறுமுனை யோகம்மாவின் இடுப்பில். யோகம்மா குப்புற விழுந்து தட்டில் இழுபட்டாள். நானும் காக்காவும் பாய்ந்து சேலையைப் பிடித்தோம். இழுத்தோம். சேலை கிழியவில்லை. டீச்சர் இருமிக்கொண்டு மேலே வந்தார்.

அந்த நிமிடத்தில்தான் நான் முழங்காலில் விழுந்தேன். எல்லோர் முன்னாலும். எனக்கு வெட்கம் வரவில்லை. சத்தம் போட்டே சொன்னேன். காற்றில் யாருக்கும் கேட்டிருக்காது.

"அம்மா, நாலு வருசமா உன்னோட நான் கதைக்கல்ல. கோவம் இன்னும் போகல்ல. என்ட மகள ஏன் விட்டாயெண்டு கேட்டுத்தான் நிக்கிறன். ஆனா இந்தச் சனம் என்னை நம்பி ஏறின சனம். இவங்கள எனக்குத் தா. நீ கேக்கிறத நான் செய்யிறன்."

யோகம்மா பக்கத்தில் படுத்தபடி என் கையைப் பிடித்தாள். பிறகு சனம் எல்லாம் "அம்மாளே, அம்மாளே" என்று ஒரே குரலாய் எழுந்தது. அன்சார் காக்கா கண்ணை மூடி, இரண்டு கையையும் ஏந்தி, "யா அல்லாஹ்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். பாதையில் இருந்த யாரும் யாருக்கும் வேறு ஆள் இல்லை.

இனி நடந்ததைக் கவனமாகச் சொல்கிறேன். கூட்டிச் சொல்லவில்லை. அன்று பாதையில் இருந்தவர்களில் பலர் இன்றைக்கும் ஊரில் இருக்கிறார்கள், கேட்டுப் பாருங்கள்.

நான் மேற்கே பார்த்து முழங்காலில் இருந்தேன். வாடை என் வலது கன்னத்தில் ஊசி மாதிரிக் குத்திக்கொண்டிருந்தது. திடீரென்று கன்னத்தில் ஒன்றும் இல்லை. காற்று நின்றுவிட்டதோ என்று நினைத்தேன். நிற்கவில்லை. மூச்சு எடுப்பது மாதிரி ஒரு சின்ன இடைவெளி. அடுத்து முதுகில் ஓர் அடி. யாரோ இரண்டு கையாலும் முதுகில் வைத்துத் தள்ளிய மாதிரி. கணேசண்ணன் கத்தினார்.

"கொண்டல்! பரமன், கொண்டல் அடிக்குது!"

கொண்டல் என்றால் கிழக்குக் காற்று. கிழக்கிலிருந்து மேற்கே போகிற காற்று. எங்களை அகன்ற வாவிக்குத் தள்ளிக்கொண்டிருந்த காற்று, நாங்கள் போகவேண்டிய படுவான்கரைக்கே தள்ளத் தொடங்கியது. எஞ்சின் இல்லை, தாங்குகம்பு இல்லை, ஆனால் பாதை ஓடுகிறது. நேராக ஓடுகிறது. என் வாழ்க்கையில் அந்தப் பாதை அவ்வளவு வேகமாக ஓடியதில்லை. நான் சிரித்தேன். அழுதுகொண்டு சிரித்தேன். பக்கத்தில் டீச்சரும் சிரித்தார், வாயெல்லாம் சேற்றுத் தண்ணீரோடு.

கரை தெரிந்தது. துறைக்கு ஒரு மைல் தெற்கே, தண்ணீருக்குள் வேர்விட்டு நிற்கிற கண்டல் காடு. காற்று எங்களைக் கொண்டுபோய்க் கண்டல் மரங்களுக்குள் செருகியது. இரும்பு கிறீச்சிட்டது. வேர்கள் பாதையை நாலு பக்கமும் பிடித்துக்கொண்டன. வெறும் கரையில் மோதியிருந்தால் பாதை துண்டு துண்டாகப் போயிருக்கும். கண்டலுக்குள்ளே அலை செத்துப் போயிருந்தது. காற்று தலைக்கு மேலால் இரைந்துகொண்டு போனது. நாங்கள் தட்டில் ஒட்டிக்கொண்டு படுத்துக் கிடந்தோம். நான் தலை தலையாய் எண்ணினேன். இருபத்தெட்டுப் பேரும், கணேசண்ணனும், நானும். ஒருவர் குறையவில்லை.

ஒரு மணித்தியாலம் போயிருக்கும். வயல் வரம்புப் பக்கம் ஆள் சத்தம் கேட்டது. தங்கராசா. மூன்றாவது பயணம் வராததைக் கண்டு, காற்று மாறியதையும் கண்டு, "இந்தக் காத்துக்குக் கண்டலுக்குள்ளதான் வந்து கிடப்பான்" என்று கணக்குப் போட்டு, எட்டுப் பத்துப் பேரோடு வரம்பில் தவழ்ந்து வந்திருக்கிறார்.

"பரமன், இரிக்கியா?"

"இரிக்கன், எல்லாரும் இரிக்கம்," என்று கத்தினேன்.

கயிறு எறிந்தார்கள். ஒவ்வொருவராக இடுப்பளவு சேற்றில் இறங்கிக் கயிற்றைப் பிடித்து வெளியே வந்தோம். யோகம்மா இங்கேயும் கடைசிதான்.

பள்ளிக்கூடத்தில் படுவான்கரைச் சனம் எங்களுக்குச் சோறு காய்ச்சி வைத்திருந்தது. கொங்கிறீட்டுக்கு வெளியே உலகம் உடைந்துகொண்டிருந்தது. உள்ளே நாங்கள் சுடச்சுடச் சோறும் பருப்பும் தின்றோம். அன்சார் காக்கா தொழுவதற்கு மூலையில் இடம் தேடினார். மூட்டையில் நனையாமல் மிச்சமாயிருந்த ஒரே சேலையை யோகம்மா எடுத்து நிலத்தில் விரித்துக் கொடுத்தாள். அவர் தொழுது முடிக்கும் வரை அவருக்கு முன்னால் பிள்ளைகள் ஓடாமல் தானே காவல் நின்றாள்.

மூன்றாம் நாள் வள்ளம் ஒன்று பிடித்து எழுவான்கரைக்குப் போனோம். எங்கள் கொட்டில் வரிசையில் ஒரு தகரம்கூட இல்லை. கடல் உள்ளே வந்து கழுவிக்கொண்டு போயிருந்தது. அங்கே யாராவது இருந்திருந்தால் என்று நினைக்கவே முடியவில்லை. ஆனால் யாரும் இல்லை. அந்த வரிசையில் இருந்த ஓர் உயிரும் போகவில்லை. சென்றியில் இருந்த சிப்பாய்மாரும் தப்பியிருந்தார்கள். ஆற்றுவாய் தானே உடைத்துக்கொண்டு வாவி வடிந்துகொண்டிருந்தது.

நான் நேரே கோயிலுக்குப் போனேன். படலை இல்லை, காற்றில் போய்விட்டது. உள்ளே முழங்கால் சேறு. மண்வெட்டி ஒன்றை வாங்கி அள்ளத் தொடங்கினேன். கும்பிடவில்லை, தேவாரம் பாடவில்லை. சேறு அள்ளினேன். பொழுது சாயும் வரை அள்ளினேன். யோகம்மா கூடையில் சுமந்து கொட்டினாள். களைத்துப்போய் இரண்டு பேரும் மண்டபத்தில் உட்கார்ந்தோம். அப்போது நான் சொன்னேன்.

"கௌரி இருந்தா இண்டைக்கு எட்டாம் வகுப்பு."

யோகம்மா சேற்றுக் கையைச் சேலையில் துடைத்தாள். பிறகு, "ஓம். கணக்குப் பாடத்துக்கு அழுதுகொண்டு இரிப்பாள்," என்றாள். இரண்டு பேரும் சிரித்தோம். அழுதோம். அதன்பிறகு இன்றுவரை எங்கள் வீட்டில் அந்தப் பெயரைச் சொல்லாத நாள் இல்லை.

அடுத்த வைகாசியில் அம்மனுக்குச் சடங்கு நடந்தது. அதே மாதத்தில்தான் யுத்தம் முடிந்தது என்று ரேடியோ சொன்னது. எங்கள் ஊரில் வடக்கே போன பிள்ளைகளைப் பற்றி ஒரு தகவலும் இல்லாத தாய்மார் இருந்தார்கள். சடங்கின் கடைசி நாளான குளிர்த்தியன்று அவர்கள் அம்மன் முன்னால் வந்து நின்றார்கள். நான் அவர்களுக்குப் பக்கத்தில் போய் நின்றேன். எனக்குச் சொல்லத் தெரிந்தது ஒன்றுதான். "அக்கா, கோவமா இரிந்தா கோவமாவே கேளுங்க. அவ கேப்பா." அதில் ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றார்.

ஒரு வாத்தியார் எனக்கு விளக்கிச் சொன்னார். சூறாவளி சுழன்று வருவது, அது ஓர் இடத்தைக் கடக்கும்போது காற்றுத் திசை மாறுவது இயற்கை என்று படம் கீறிக் காட்டினார். நான் மறுக்கவில்லை. அவர் படித்தவர், சரியாகத்தான் சொல்லியிருப்பார். ஆனால் நான் கேட்டேன். "சேர், ஒரு மணித்தியாலம் முந்தி மாறியிருந்தா நான் எழுவான்கரைக்குப் போய்ச் சேந்திருக்க ஏலா. ஒரு மணித்தியாலம் பிந்தி மாறியிருந்தா நாங்க இருந்திருக்க மாட்டம். அந்த நேரத்த யார் பாத்து வெச்சது?" அவர் சிரித்துவிட்டுப் பேனாவை மூடினார்.

நான் அம்மனிடம் சொன்னேனே, நீ கேட்கிறதைச் செய்கிறேன் என்று. அவள் என்னிடம் கேட்டது என்னவென்று எனக்கு மெல்ல மெல்லத்தான் விளங்கியது. இன்றைக்கு எங்கள் ஊர் அனர்த்தக் குழுவில் நான் இருக்கிறேன். ரேடியோவில் எச்சரிக்கை வந்தால் எனக்குச் சாப்பாடு இறங்காது. வீடு வீடாகப் போவேன். வர மறுப்பவர்களோடு சண்டை பிடிப்பேன். நடக்க ஏலாதவர்கள் எந்த வீட்டில் என்று மனப்பாடம். யோகம்மா எனக்கு முன்னால் போய்விடுவாள். காற்று வராமல் ஏமாற்றிவிட்டுப் போன தடவைகளும் உண்டு. சனம் என்னைத் திட்டியிருக்கிறது. திட்டட்டும். பள்ளிக்கூடத்தில் ஒரு இரவு படுத்தெழும்பி வீட்டுக்குப் போவதில் ஒரு நட்டமும் இல்லை.

இதைக் கேட்கிற உங்களில் யாரோ ஒருவர் என்னைப்போல் படலைக்கு வெளியே நிற்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். உங்களுக்கும் ஓர் இழப்பு இருக்கும். அதற்குப் பதில் எனக்கு இன்னும் கிடைக்கவில்லை, உங்களுக்கும் நான் பொய்ப் பதில் சொல்ல மாட்டேன். ஆனால் கோபம் தீர்ந்த பிறகுதான் பேச வேண்டும் என்று காத்திருக்காதீர்கள். நான் அழகாகக் கேட்கவில்லை. பக்தியாகக் கேட்கவில்லை. சேற்றுத் தண்ணீரில் முழங்காலில் விழுந்து, திட்டிக்கொண்டு கேட்டேன். அந்தக் குரலையும் அவள் கேட்டாள். உங்கள் குரல் எப்படி இருந்தாலும் சரி, இன்றைக்கே அவளைக் கூப்பிடுங்கள்.